ஒரே ஒரு கிளாஸ்

கென்னத் தன் மனைவி டோரீனோடு பப்புக்குள் நுழைந்ததுமே முதலாளி ஸ்டான்லி அவசர அவசரமாகக் கவுண்டரைத் துடைத்தார்.

ஜெர்மன் கம்பெனியிடம் உரிமம் வாங்கி, இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரிலேயே லாகர் பீர் காய்ச்சும் ஆலையில் கென்னத்துதான் ருசி பார்ப்பவர். பத்து நாளாகத் தினமும் இங்கே வந்து அந்த பீரில் ஒரே ஒரு கிளாஸ் கேட்கிறார். முகர்கிறார், குடிக்கிறார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறார்.

"மியூனிக் பேரு, நம்ம ஊரு தண்ணி! எப்படி இருக்கு?" என்று ஸ்டான்லி சிரித்துப் பார்த்தார்.

கென்னத் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். முகம் கோணியது.

"ஏம்ப்பா, பீர் வர்ற குழாயைக் கழுவி எத்தனை நாளாச்சு?"

"போன வாரந்தான்..."

"புளுகாதே! அழுக்குக் குழாயோட வெண்ணெய் நாத்தம் குடலைப் புடுங்குது!"

"மூணு வாரம் ஆச்சு. கழுவினா குழாய்ல நிக்கிற பீரெல்லாம் வீணாப் போகுதேன்னு... ஆலையில சொல்லி சப்ளையை நிறுத்திடாதீங்க."

டோரீன் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். எட்டி ஸ்டான்லியின் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"நீ நல்லா இருப்பே! காய்ச்சல் வந்ததுலேர்ந்து இவருக்கு எந்த வாசனையும் தெரியலை. நாளைக்கு ஆலையில மூக்குக்குப் பரீட்சை. தோத்தா வேலை போயிடும்னு தவிச்சுக்கிட்டு இருந்தோம்."

ஸ்டான்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இதோ, இப்பவே கழுவிடறேன்!"

"அட, நில்லுய்யா!" கென்னத் காலி கிளாஸை நீட்டினார். "அதே குழாய்ல இன்னொண்ணு ஊத்து. இவ்வளவு கேவலமான பீரைக் குடிச்சு எத்தனை நாளாச்சு!"