துளசிங்கம் வீட்டுக் கல்

வலி இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டே துளசிங்கம் வலது இடுப்பைப் பிடித்தார்.

கதவிடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "இந்தாண்ட இல்லடா, அந்தாண்ட."

துளசிங்கம் கையை மாற்றிக்கொண்டு முதலிலிருந்து ஒப்பித்தார். முதுகில் தொடங்குகிறதாம், அடிவயிற்றுக்கு இறங்குகிறதாம், அப்புறம் வெளியே சொல்ல முடியாத இடத்துக்குப் போகிறதாம்.

எனக்கு மனப்பாடம். மீஞ்சூரில் இந்த சி.டி. ஸ்கேன் மெஷினை இயக்குவது நான்தான். பதினேழு நாளாகத் தினம் ஓர் ஆள், பழவேற்காடு ஏரிக்கரையின் ஒரே குப்பத்திலிருந்து வருகிறார். எல்லாருக்கும் அதே வலி, அதே வார்த்தைகள். ஏதோ ஓர் அறக்கட்டளை அந்த ஊருக்கு இலவசமாகக் கொடுத்த ஸ்கேன். சிறுநீரகக் கல் வலி இருப்பவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை.

பதினாறு பேருக்கு எடுத்தாயிற்று. ஒருவர் வயிற்றிலும் மணல்கூட இல்லை.

முதலில் சாதா ஸ்கேன் பார்க்கலாம், அதில் கதிர்வீச்சு கிடையாது என்று கெஞ்சிப் பார்த்தேன். பெரிய மெஷின்தான் வேண்டுமாம். இதில் ஒரு தடவை படுத்து எழுந்தால் எக்ஸ்ரே பல டஜன் எடுத்த மாதிரி. என் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் என்மேல் படும் கதிரை அளக்கிறது. நோயே இல்லாத பதினாறு பேர்மேல் நானே பாய்ச்சியதை எது அளக்கும்? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

துளசிங்கத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். தினமும் ஆள் கூட்டிவந்து, வாசலில் நின்று வலி சொல்லிக்கொடுக்கும் அந்த வாத்தியாரைத்தான் பிடிக்கவேண்டும். பெயர் நீலமேகம். நடிப்பில் ஆள் கில்லாடி. அவர் துடித்துக் காட்டினால் பார்க்கிற நாமே ஓடிப்போய்த் தாங்கிப் பிடிப்போம்.

அவர் தரையில் கிடந்தார். நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் புரண்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் வாந்தி.

எட்டு வருடத்தில் இந்தத் துடிப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். நடித்தால் இது வராது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பின்னாலேயே துளசிங்கம் ஸ்கேன் அங்கியோடு வந்து நின்றார். "ஊர்ல கல்லு இருக்கிறது மாமா ஒருத்தருக்குத்தான் பிரின்சி மேடம். அவருக்காகத்தான் மனுவே குடுத்தோம்."

ஒரு ஸ்கேன் கேட்டிருக்கிறார்கள். நாற்பத்தொன்று வந்துவிட்டது. வீடும் நாற்பத்தொன்று.

எதையும் பங்கு போட அந்த ஊருக்குத் தெரிந்த வழி பாடு ஒன்றுதான். ஏரியில் இறால் ஓடும் இடத்தில் எந்த வீடு எந்த நாள் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஸ்கேனுக்கும் குலுக்கினார்கள். பாடு விழுந்த நாளை மாற்றிக்கொள்ளக் கூடாது, விட்டுவிடவும் கூடாது. ஏரியில் ஒரு நாளை விட்ட வீட்டுக்கு அப்புறம் சீட்டில் பெயரே இருக்காது. ஸ்கேனை விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க யாரும் தயாராகவும் இல்லை. அதனால் வலி இல்லாதவர்கள் வலி கற்றுக்கொண்டு வந்தார்கள். கற்றுக்கொடுக்க ஊரில் இருந்தது ஒரே ஆள்.

நீலமேகத்துக்கு விழுந்த சீட்டு நாற்பத்தொன்று.

பெரிய ஆஸ்பத்திரிக்காவது போயிருக்கலாமே என்று கத்தினேன். ஊர் பாடு போட்ட பிறகு தனியாகப் போவது திருட்டு வலை போடுவது மாதிரியாம். இன்னும் இருபத்துநாலு நாள் இழுத்தால் சிறுநீரகமே போய்விடும், இப்போதே மேசையில் ஏறுங்கள் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "இன்னிக்கி அவன் பாடும்மா. அவன் நாள்ல எடுத்தா கல்லு அவனுதாயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வலையில் விழுவது அன்றைக்குப் பாடு உள்ளவனுக்கு. துளசிங்கம் முதுகுப்பக்கம் திறந்திருந்த அங்கியை ஒரு கையால் பிடித்தபடி கண்ணை மூடி யோசித்தார்.

"கல்லு என்னுதுதான். ஆனா என் நாள்ல வலை இழுக்க நான் ஆள் கூப்டுக்கலாம், அதுக்குத் தடையில்ல. உன்னியக் கூப்டுறேன் மாமா, ஏறு."

நீலமேகம் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார். சட்டம் சரியாக இருந்தது. ஏறினார்.

இடது பக்கம், சிறுநீர்க்குழாயின் நடுவில், ஒன்பது மில்லிமீட்டர். ரிப்போர்ட்டில் நீலமேகம் பெயரைப் போட்டேன். துளசிங்கத்தின் முகம் வாடிவிட்டது. அந்த நாள் அவருடையது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்ன பிறகுதான் சரியானார்.

அடுத்த வாரமே கல்லை எடுத்துவிட்டார்கள். மூன்று துண்டாக வந்ததாம். மூன்றும் இப்போது துளசிங்கம் வீட்டு டி.வி. பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. நீலமேகமே கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

மற்ற வீடுகள் விடவில்லை. பதினெட்டு, பத்தொன்பது என்று வந்துகொண்டே இருந்தார்கள். கதிரைப் பாய்ச்சமாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டேன். பரவாயில்லையாம். வலையைப் போட்டால் போதும், மீன் விழவேண்டும் என்று சட்டம் இல்லையாம். மேசை வெறுமனே உள்ளே போய் வெளியே வரும். ஆனால் வலியை ஒப்பிக்காமல் ஒருவரும் படுக்கமாட்டார்கள். நிபந்தனை நிபந்தனைதானே.

நாற்பத்தொன்றாம் நாள் காலை நீலமேகம் வந்தார். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தார். மேசையில் ஏறியதும் வழக்கம்போல வலி எங்கே என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு வலது இடுப்பைப் பிடித்தார்.

கதவிடுக்கிலிருந்து துளசிங்கத்தின் குரல் வந்தது. "இந்தாண்ட இல்ல மாமா, அந்தாண்ட."