தாளில் ஒரு தோணி

“இந்தத் தோணிய ஆரு வரஞ்சது?” என்று கேட்டாள் ஸ்மிதா.

சௌதாமினி தலையைக் குனிந்துகொண்டாள். மேசையில் கிடந்த தாள் முழுக்க நீலம். நடுவில் மட்டும் பழுப்பு நிறத்தில் சின்னதாக ஒரு தோணி.

“நானாக்கும்.”

“சிகிச்சைக்கு வந்தவருக்க படத்துலயா?”

“ஆமா. கேக்காம வரஞ்சிட்டேன்.”

படம் வரையவைத்து மனக்காயத்தை ஆற்றுகிறவர்கள், மாதம் ஒருமுறை இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து தாங்கள் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூப்பர்விஷன் என்பார்கள். அதற்காகத்தான் பாறசாலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்கு வந்திருந்தாள் சௌதாமினி. உதியன்குளங்கரை தாண்டும்வரை, இந்தத் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்தாள்.

“பேரு வேண்டாம். ஆளப்பத்திச் சொல்லுங்க.”

“காரோடு ஊருக்காரரு. கூலிவேல. ஒரே மகன், ஆறு கடல்ல சேருற பொழியில குளிக்கப் போயி முங்கிச் செத்துட்டான். ரெண்டு மாசமா வாறாரு. ஒரு வார்த்த பேசமாட்டாரு. நீலத்த மட்டும் பூசிட்டே இருப்பாரு, தாளு கிழியுற வரைக்கும்.”

“நீங்க தோணி வரஞ்ச பின்ன?”

“எழும்பிப் போயிட்டாரு. மூணு வாரமா வரல்ல.”

ஸ்மிதா திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தாளைச் சௌதாமினியின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“இந்தத் தண்ணியில தோணி ஆருக்கு வேண்டியிருந்து?”

“அவருக்குத்தான். பிடிச்சுக்கிட ஒண்ணு வேண்டாமா?”

“அவரு கேட்டாரா?”

சௌதாமினி தோணியின் மேல் விரலை வைத்தாள். கீழே தெருவில் லாட்டரிச் சீட்டு விற்கிறவனின் மைக் சத்தம் வந்து, தேய்ந்து, போய்விட்டது.

“எனக்கும் ஒரே ஒரு மகனாக்கும்” என்றாள் கடைசியில். “அந்த நீலத்த என்னால பாத்துட்டு இருக்க முடியல்ல. தோணி எனக்குத்தான் வேண்டியிருந்து.”

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஸ்மிதா கையைப் பிடிக்கவும் இல்லை, தண்ணீர் நீட்டவும் இல்லை. முகத்தைத் திருப்பாமல், அழுது முடியும்வரை கூடவே இருந்தாள். தன்னால் அந்த மனிதருக்குச் செய்ய முடியாமல் போனது இதுதான் என்று சௌதாமினிக்குப் புரிந்தது. ஸ்மிதாவின் மேல் பெரிய மதிப்பும் வந்தது.

“இனி என்ன செய்யப்போறிய?”

“போன் பண்ணி, செஞ்சது தப்புன்னு சொல்லணும். என்மேல உள்ள மதிப்பு போயிருமோன்னு பேடியாட்டு இருக்கு” என்று தன் பயத்தையும் சொன்னாள்.

“பேடி இருந்தா இருக்கட்டு. பேடியோடயே சொல்லுங்க.”

அடுத்த மாதம் அதே அறையில், உட்காரும் முன்பே சௌதாமினி சொல்லத் தொடங்கிவிட்டாள்.

“போன் பண்ணினேன். உங்களுக்க படத்துல நான் கை வச்சது தப்புன்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம வச்சிட்டாரு. வியாழக்கிழம வந்து நின்னாரு. அந்தத் தாள வாங்கி, தோணிக்கு மேல நீலத்தப் பூசினாரு. நான் அனங்காம அசையாம இருந்தேன். பூசி முடிச்சிட்டு, ‘எனக்க மோனுக்கு நல்லா நீச்சல் தெரியும்’னாரு. அதாக்கும் முதல் வார்த்த. பின்ன ஒரு மணிக்கூறு அவனப்பத்தியே பேசினாரு.”

ஸ்மிதா எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடினாள். அவர்களுக்கான நேரம் முடிந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

“டீச்சர், திங்கக்கிழம புது பேட்சுக்கு முதல் கிளாஸ் உங்களுக்காக்கும். தலைப்பு என்னன்னு போடட்டு?” என்று கேட்டாள் ஸ்மிதா.

“‘நான் செஞ்ச தப்பு’ன்னு போடு மக்கா” என்றாள், இருபது வருடமாக இந்த வேலையைச் செய்து, ஸ்மிதாவுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த சௌதாமினி.