காத்தாயி குனிகிறாள்

குடவாசல் பக்கத்து வயலில் குறுவை நடவு. தேங்கிய தண்ணீரில் காலை வெயில் தகதகக்கிறது. நடவுப் பெண்களின் வரிசையில் நாற்று முடியோடு காத்தாயி நிற்கிறாள். கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்தில் இடுப்பில் தடியடி விழுந்ததிலிருந்து அவளால் குனிய முடியவில்லை. குனிய முடியாதவளுக்கு நடவில் வேலை ஏது? கோடை முழுக்கக் குளத்துத் தண்ணீரில் நின்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து பழகியிருக்கிறாள். "முட்டியை லேசா மடக்கிக்கடி, அவசரமில்ல" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் ரெங்கம்மாள். காத்தாயி மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாகக் குனிகிறாள். விரல்கள் முழங்காலைத் தாண்டி, கெண்டைக்காலைத் தாண்டி இறங்குகின்றன. குளிர்ந்த சேற்றில் நாற்று ஊன்றி நிற்கிறது. வரிசை முழுக்கக் குலவை எழும்புகிறது. குனிந்தபடியே அவள் கால்களுக்கு இடையே பின்னால் பார்க்கிறாள். விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, வரப்பில் நிற்கும் புருஷன் அரசப்பன் தலைகீழாகத் தெரிகிறான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "போதும் புள்ள, நிமிரு!" என்று அவன் பதறுகிறான். "சும்மா இருங்க, இப்பதானே குனிஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, காத்தாயி அடுத்த நாற்றைப் பிரிக்கிறாள்.