வலது முழங்கை

என்னிடம் பதினோரு தோல் ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலப் போர் விமானிகள் போட்டதைப் பார்த்துப் புதிதாகத் தைத்த நகல்கள். ஒன்றையும் நான் போட்டதில்லை. "தோலுக்கு இருக்குற மரியாதை எனக்கு இல்ல" என்பாள் மனைவி. அவள் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

ஒன்றில் ஜிப் சிக்கிக்கொண்டது. தைத்தவரிடமே கொண்டுபோனேன். அவர் கைப்பகுதியைத் திருப்பிப் பார்த்தார்.

"தினமும் போடுறீங்களா சார்? வலது முழங்கை மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு."

"ஒரு நாள்கூடப் போட்டதில்லைங்க."

"யார்கிட்ட காது குத்துறீங்க? ஜன்னல்ல கைய வச்சு வண்டி ஓட்டுறவங்களுக்குத்தான் இப்படித் தேயும்."

போர் முடிந்து திரும்பிய அந்த விமானிகளில் சிலர், வேறு கோட்டு வாங்க வழியில்லாமல் அதே ஜாக்கெட்டோடு பஸ் ஓட்டப் போனார்கள். சேகரிப்பாளர் கூட்டத்தில் நான் அடிக்கடி சொல்லும் கதை அது. இப்போதெல்லாம் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டை அலமாரியில் வைக்கவில்லை. ஜன்னலோரம் மனைவி முன்பு உட்காரும் நாற்காலியின் முதுகில் மாட்டினேன். எதிரே உட்கார்ந்து அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னேன்.

காலையில் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் வலது கை ஜன்னல் விளிம்பில் ஏறியிருந்தது.

காபியை இரண்டு பேருக்குப் போட்டேன்.