தெப்பக்குளத்துப் படிப்பு

அண்ணனை விழுங்கிய சாரைப்பாம்பைக் கோர்ட்டுக்கு இழுக்கத்தான் சேந்தன் என்ற தவளை சட்டம் படிக்கக் கிளம்பினான்.

பக்கத்துக் கிணற்றுக் கல்லூரியில் கொஞ்சம் கொசு ஃபீஸ் கட்டினால் போதும். தெப்பக்குளத்துக் கல்லூரிக்குக் குடும்பத்தையே விற்றாலும் கட்டுப்படியாகாது.

“ரெண்டு இடத்துலயும் ஒரே சட்டந்தானே?” என்றாள் அம்மா.

“சட்டம் ஒண்ணுதான்டி. நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில பேருக்குக் கீழே கிணறுன்னா போடுவே?” என்றார் அப்பா.

அவ்வளவு கொசுவைக் கடன் கொடுக்க ஊரில் அந்தச் சாரைப்பாம்பு ஒன்றுதான் இருந்தது. “படிப்புன்னு வந்துட்டா நான் இல்லைன்னு சொல்றதில்லை. கடன் அடையிற வரைக்கும் என் வழக்கையெல்லாம் தம்பி நடத்திக் கொடுத்தாப் போதும்,” என்றது.

அப்பா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

படிப்பு முடிந்தது. அண்ணனுக்காக அம்மா போட்ட வழக்கும் விசாரணைக்கு வந்தது. பாம்பின் பக்கம் சேந்தன் எழுந்து நின்றான். இறந்தவர் தானாகவே என் கட்சிக்காரரின் வாய்க்குள் குதித்தார் என்று அரை மணி நேரம் இங்கிலீஷில் வாதாடினான். பாம்பு விடுதலையானது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார்.

“கேட்டீங்களா? கிணத்துல படிச்சிருந்தா இப்படிப் பேச வருமா?”