குருவின் தட்டு, மாணவியின் தட்டு

"அந்தப் பொண்ணு பாட்டோட உங்க பாட்டையும் போட்டுத்தான் ஆகணுமா, மதாம்?"

"ஆகணும்" என்று தன் இசைத்தட்டை என் கையில் திணித்தார் மதாம் கஸ்தெரா.

மேடையை விட்டு ஐந்து வருடம் ஆகியும், துலூஸ் நகரில் பிரெஞ்சு ஓபரா என்றால் இன்னமும் அவர் குரல்தான். அவரோடு மோதினால் அவருடைய மாணவி மயேல் என்ன ஆவாள்? இந்த வயதில் இவ்வளவு பொறாமையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ரசிகர் சங்கத்தில் ஞாயிறுதோறும் இதுதான் வழக்கம். ஒரே பாட்டை இரண்டு பேர் பாடிய தட்டுகளைத் திரைக்குப் பின்னாலிருந்து நான் போடுவேன். எது யாருடையது என்று சொல்ல மாட்டேன். மூன்று நடுவர்கள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள்.

அன்றைய தட்டுகளில் பாடியிருப்பவர்கள் குருவும் மாணவியும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

கடைசி வரிசையில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பைப் பார்த்துத்தான் மயேலின் தட்டை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். நடுவர்களில் மூத்தவர் விமர்சகர் புஜோல். மயேலை "கஸ்தெராவின் நிழல்" என்று எழுதி, அவள் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவர்.

மயேல் உதடு வெளுத்துச் சுவரோரம் நின்றாள். மதாம் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

முதல் தட்டைப் போட்டேன். காதலனைப் பிரியும் பெண்ணின் பாட்டு. பாதியிலேயே புஜோல் கையைத் தூக்கிவிட்டார்.

"போதும், நிறுத்துங்க. மேலே போறப்ப குரல் நடுங்குது. சொல்லோட கடைசியை முழுங்குறா. நிழல்னு நான் எழுதினது தப்பே இல்லை."

மயேல் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டாவது தட்டை முழுசாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இது கஸ்தெரா. இப்படிப் பாட வேற யாரு இருக்கா?"

மற்ற இருவரும் வழக்கம்போலத் தலையாட்டினார்கள்.

திரையை விலக்கி உறைகளைக் காட்டினேன். முதல் தட்டு கஸ்தெரா. இரண்டாவது மயேல்.

புஜோல் முகம் சிவந்துபோய்த் தொப்பியைத் தேடினார். கம்பெனிக்காரர் எழுந்து போய் மயேலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளோ குருவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். கிழவிக்கு நன்றாக வேண்டும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மதாமைத் தவிர எல்லோரும் ஒயின் குடிக்கக் கீழே இறங்கினார்கள். மதாமின் தட்டை உறையில் போடும்போதுதான் உள்பக்கம் அவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "39 டிகிரி கடுங்காய்ச்சலில் பாடியது. விற்கக் கூடாது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஊரே கொண்டாடுற தட்டு இருக்கே, மதாம். அதை விட்டுட்டு இதை ஏன் கொண்டுவந்தீங்க?"

அவர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அதைப் போட்டிருந்தா முதல் மூச்சுலயே நான்தான்னு கண்டுபிடிச்சிருப்பாங்க. அப்புறம் அவளை யாரு காது குடுத்துக் கேட்டிருப்பா?"