பூசணி மொட்டு

"இது என் பூசணிக் கொடி. உன் பைக்குள்ள எப்படி வந்தது, எடித்?"

டீலியா அந்த மெல்லிய நகல் தாளை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். தூரிகை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

எடித்தின் முகம் வெளுத்தது. "என் பையை எதுக்குத் திறந்த?"

"ரப்பர் எடுத்துக்கன்னு நீதானே சொன்ன? ரப்பர் தேடினா என் டிசைன் கெடைக்குது. நல்ல கதையா இருக்கே."

பிலடெல்பியாவின் அந்தப் பெண்கள் ஓவியப் பள்ளியில், 1910-இல், துணி டிசைன் போட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஹெஸ்லர் ஆலையில் டிசைன் போடும் வேலைதான் பரிசு.

பகலில் பள்ளி, சாயங்காலம் லேஸ் ஆலை என்று மூன்று வருஷம் ஓட்டியவள் டீலியா. உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. ஜெயித்தால் உட்கார்ந்து வரையலாம். தோற்றால் திங்கட்கிழமையிலிருந்து நாள் முழுக்கத் தறியடியில்தான் நிற்க வேண்டும். அங்கே நின்று நின்றுதான் அவள் அக்கா இருமலோடு படுத்த படுக்கையானாள்.

எடித்துக்கு என்ன குறை? அப்பா இரும்பு வியாபாரி. மோட்டார் காரில் வந்து இறங்குகிறவள். இல்லாதவள் வரைந்ததை இருக்கிறவள் திருடினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

சத்தம் கேட்டு ஆசிரியை மிஸ் கார்வர் வந்துவிட்டார்.

"இதை நீயா நகல் எடுத்தே, எடித்?"

"ஆமா, மிஸ்."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம். டீலியா ஆலைக்குப் போனப்புறம்."

"எதுக்கு?"

எடித் சுவரில் ஒட்டியிருந்த போட்டி விதிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா பாரு," என்றாள் டீலியா. "'சொந்தக் கையால் வரைந்தது மட்டுமே. அடுத்தவர் கை பட்ட தாள் தள்ளுபடி.' உங்க வீட்டுல படிக்க வெச்சிருப்பாங்களே."

"தெரியும்," என்றாள் எடித், மெதுவாக. பிறகு ஆசிரியை பக்கம் திரும்பினாள். "என் தாளை எடுத்துடுங்க, மிஸ்."

எடித்தின் மயிலிறகு டிசைனை மிஸ் கார்வரே கூடத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். யாரோ 'சீ' என்றார்கள். எடித் தூரிகைகளைத் துடைத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

டீலியா நகல் தாளை மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். மில்லுக்காரி, மில்லுக்காரி என்று இளித்தவர்கள் இன்றைக்காவது பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு மணிக்கு ஆலை முதலாளி ஹெஸ்லர் வந்தார். பெண்கள் எல்லோரும் கூடத்துக்கு வந்து சுவரோரம் நின்றார்கள்.

மனிதர் நிறத்தையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளையும் எடுத்துக் குழலாகச் சுருட்டி, ஒரு விளிம்பை இன்னொரு விளிம்போடு சேர்த்துப் பார்த்தார். துணியில் ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். விளிம்பு சேராவிட்டால் கஜத்துக்கு கஜம் வெட்டுத் தெரியும்.

"சேரலை," என்று ஒன்றை வைத்தார். "இதுவும் சேரலை."

அப்போதுதான் டீலியாவுக்கு உறைத்தது. அவள் தன் தாளைச் சுருட்டியே பார்க்கவில்லை. நேற்று ஆலைச் சங்கு ஊதியபோது சாயம் ஈரமாக இருந்தது. பலகையில் குத்தியபடியே விட்டுவிட்டு ஓடினாள். காலையில் அவள் வருவதற்குள் மிஸ் கார்வர் கழற்றிக் கொண்டுபோய்விட்டார். முதல் வருஷத்துப் பெண்கூட மறக்காத காரியத்தை மறந்து தொலைத்திருந்தாள்.

ஹெஸ்லர் பூசணிக் கொடியைச் சுருட்டினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"நான்தான், சார்."

"உன் தண்டு இந்தப் பக்கம் கால் அங்குலம் இறங்கியிருக்கு. தெரியுமா?"

டீலியாவுக்கு அக்காவின் இருமல் காதில் கேட்பதுபோல் இருந்தது.

"ஆனா அந்த இடைவெளியில ஒரு மொட்டைப் போட்டு மூடிட்ட பாரு, நெய்யறவனுக்கே தெரியாது. தப்பு எல்லாரும்தான் பண்ணுவாங்க. அதைச் சரி பண்ற கைதான் எனக்கு வேணும். திங்கட்கிழமை வந்துடு."

கைதட்டல் எழுந்தது. மிஸ் கார்வர் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார்.

டீலியா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். விளிம்பில், சின்னதாக, அழகாக ஒரு பூசணி மொட்டு. அந்தப் பச்சை மட்டும் புதுசாகப் பளபளத்தது.

அவள் கை தானாக ஏப்ரன் பைக்குள் போயிற்று. நகல் தாளைப் பிரித்தாள். அதில் அந்த மொட்டு இல்லை. மொட்டு வர வேண்டிய இடத்தைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. தாள் குழலாகச் சுருண்டு சுருண்டு பழகியிருந்தது. மேலாக மட்டும் காய்ந்த சாயத்தைச் சுருட்டினால் வெடித்துவிடும். நகலைச் சுருட்டி விளிம்பு சேர்கிறதா என்று பார்க்கலாம்.

நிமிர்ந்தாள். கதவருகே எடித் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரலிடுக்கில் அதே பச்சை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பேர் கெட்டிருக்காது. டீலியாவின் தாள்தான் தள்ளுபடியாகியிருக்கும்.

எடித் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

டீலியாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. தறி நினைவுக்கு வந்தது. அக்காவும் நினைவுக்கு வந்தாள். ஹெஸ்லர் தாளை உதவியாளரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் இருங்க," என்றாள். "அந்த மொட்டு நான் போட்டதில்ல."